மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நீ சத்தம் போடுவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் படி.

அம்மாவை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதையும், மறுபடியும் அதே வயிற்றுப்புண் மாத்திரையைக் கொடுத்து அனுப்பியதையும் சொன்னாய். நீ லீவு போட்டு அலைவது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உள்ளே போனதும் டாக்டர் யாரிடம் பேசினார்? உன்னிடம்தானே?

நேற்று அம்மாவைக் கூப்பிட்டேன். "டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னியாம்மா?" என்றேன். "பையன் பக்கத்துல நின்னுட்டு இருந்தானேடி" என்றாள். அப்புறம் உங்கள் ஊர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் கோர்ட்டில் மற்றவர்கள் பேச்சை மொழிபெயர்த்தே பிழைத்தவள் நான். ஒருவர் எந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறார் என்பது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கும்.

அரசு ஆஸ்பத்திரியில் அம்மா நம் மொழியிலேயே பேசலாம். அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை அவர்கள்தான் ஏற்பாடு செய்து தர வேண்டும். சட்டமே அப்படித்தான். பதிவு செய்யும்போது கேட்டிருப்பார்கள், நீ தேவையில்லை என்று சொல்லியிருப்பாய். அடுத்த தடவை தேவை என்று சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

நீ சொன்னபடியே மடித்து வைத்துவிட்டு மறுநாள் படித்தேன். மறுநாளும் கோபம் வந்தது.

ஆமாம், தேவையில்லை என்றுதான் சொன்னேன். அரசாங்க மொழியிலேயே படித்து, அதிலேயே வேலை பார்த்து, கல்யாணம்கூட அந்த மொழியிலேயே செய்துகொண்டவன் நான். எனக்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர்? நான் சொல்வதில் என்ன குறை கண்டாய்?

நீ கோர்ட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சட்டம் பேசுகிறாய். இங்கே வரிசையில் நிற்பவன் நான். போன மாதம் வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மணி அம்மாவைப் பார்த்து, "இத்தனை வருஷமா இங்கதானே இருக்காங்க, இன்னுமா பேச வரல?" என்று கேட்டாள். அம்மா என்னிடம், "என்னடா சொல்றா?" என்றாள். "உட்காரச் சொல்றாங்கம்மா" என்றேன். அதே அம்மணி முன்னால் போய், எங்களுக்கு ஆள் வைத்துத் தாருங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறாய்.

அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே போனில் மொழிபெயர்த்துச் சொல்லிவிடேன். சர்க்கார் முத்திரை குத்திய நாக்கு உன்னுடையதுதானே.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

தம்பி

மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

மாட்டேன். தெரிந்தவர்கள் வழக்கு வந்தால் கோர்ட்டில் நாங்கள் எழுந்து போய்விட வேண்டும். வேண்டியவர்கள் என்றால், கேட்கப் பிடிக்காதது நம் காதில் விழாது. விழுந்தாலும் வாயில் வராது. அந்த அம்மணி சொன்னதை நீ அம்மாவிடம் சொல்லவில்லையே, உன் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். அதே மாதிரி அம்மாவும் உன்னை நினைத்து எதையோ விட்டுவிடுகிறாள். என்னிடமும் விட்டுவிடுவாள்.

அவமானம் உனக்கு வலிக்கும் என்று தெரியும். அதை லேசாக நினைத்து நான் எழுதவில்லை. ஆனால் எங்களுக்கு மொழி தெரியாது என்று நீ சொல்ல வேண்டியதில்லை. அம்மா அவளுடைய மொழியில் பேச வேண்டும் என்று சொன்னால் போதும். இதுவரை யாரும் கேட்டதில்லை என்பார்கள். வருகிற எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். போன வருஷம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இந்த ஏற்பாட்டையே நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டால், யாரும் கேட்பதில்லையாம்.

ஒரு தடவை கேட்டுப் பார். அப்புறம் என்னைத் திட்டு.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மணி "என்ன?" என்றாள். மறுபடி சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் முதுகையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"உங்களுக்குத்தான் நல்லா பேச வருதே?"

"எனக்கு வருது. உடம்பு அவங்களோடது."

நானா அப்படிச் சொன்னேன் என்று இருந்தது. நீ சொன்னபடியே, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள். கேட்டுவிட்டோம் என்றேன். மத்தியானம்வரை உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பெண்மணி நனைந்த குடையோடு வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். என்னைத் தாண்டி நேராக அம்மா முன்னால் போய் உட்கார்ந்து, "நீங்க சொல்றத நான் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பையன் உள்ள இருக்கட்டுமா?" என்று நம் மொழியில் கேட்டார்.

அம்மா என் முகத்தைப் பார்க்காமலே, "வெளிய இருக்கட்டும்" என்றாள்.

வெளியே உட்கார்ந்திருந்தேன். இதற்கு முன்னால் போன மூன்று தடவையும் பத்து நிமிஷத்தில் முடிந்த சமாச்சாரம், இந்தத் தடவை முடியவே இல்லை. நடுவில் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

வெளியே வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வயித்து வலி இல்லடா. ரொம்ப நாளா ரத்தம் போகுது. உங்கிட்ட எப்படிச் சொல்றது" என்றாள். பெண்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நான் மூன்று தடவையும் அவள் சொன்னதை அப்படியேதான் சொன்னேன், அக்கா. ஒரு சொல்கூட மாற்றவில்லை.

தம்பி

ஏப்ரல் 2

அக்கா,

முடிவு வந்துவிட்டது. என்ன முடிவு என்று எனக்குத் தெரியாது.

அம்மா, டாக்டர், அந்த மொழிபெயர்ப்பாளர் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் போய்க் கேட்டால் டாக்டர், "இப்போதைக்குப் பிள்ளைங்ககிட்ட சொல்ல வேணாம்னு உங்கம்மா சொல்லியிருக்காங்க" என்கிறார். எனக்கே! அவளைக் கூட்டிக்கொண்டு அலைகிறவன் நான், லீவு போட்டதற்கு ஆபீசில் முறைப்பு வாங்குகிறவன் நான். நீ வாங்கிக் கொடுத்த உரிமை என் முகத்திலேயே கதவைச் சாத்துகிறது. சந்தோஷமா?

சரி, போகட்டும். அந்த மொழிபெயர்ப்பாளர் உங்கள் மொழிபெயர்ப்பாளர் சங்கத்துக்காரர் என்று அம்மா சொன்னாள். உன்னை நன்றாகத் தெரியுமாம். ஒரே ஒரு போன் போடு. புற்றுநோயா இல்லையா, அது போதும். வேறெதுவும் நான் கேட்கவில்லை. பெற்ற தாயைப் பற்றித்தானே கேட்கிறோம்?

தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்தேன். எனக்கும் அவள் அம்மாதான்.

கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை சொல்லிவிட்டால்? அது எப்படியாவது அம்மா காதுக்குப் போகும். அடுத்த தடவை அவரிடமும் வயிற்று வலி என்றுதான் சொல்வாள்.

என் மேல் உனக்கு வருத்தம் இருக்கும். இருக்கட்டும். ஒன்று மட்டும் யோசித்துப் பார். நீ டாக்டரைக் கேட்டாய், என்னைக் கேட்டாய். அம்மாவைக் கேட்டாயா? உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் நம் மொழி வராது. அந்த வீட்டில் அவளுக்கு நம் மொழியில் பேச்சுத்துணை நீ ஒருவன்தான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்பதைத் தாண்டி அவளிடம் ஏதாவது கேள். அவள் சொல்லாவிட்டால் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திரு.

இதைக்கூட நான் உத்தரவு மாதிரிதான் எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை, தம்பி. இங்கே தனியாக உட்கார்ந்து எனக்கும் கை கால் ஓடவில்லை.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் ஒரு சட்டையை எடுத்தேன்.

"கையை வெச்சுக் கெடுக்காத" என்றாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அன்னைக்கே ஆபரேஷன்னு குதிப்ப. உங்க அக்கா சட்டப் புத்தகத்தைத் தூக்கிட்டு ஓடி வருவா. என் உடம்பைப் பத்தி நான் நாலு நாள் யோசிக்கக் கூடாதா?"

நீ சொன்ன மாதிரி சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். புற்றுநோய்தான். கர்ப்பப்பையில். முற்றவில்லை, எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவே சம்மதம் சொல்லி நாளும் குறித்துவிட்டாள். இருபத்தாறாம் தேதி. எல்லாம் முடிந்த பிறகுதான் நான் கேட்கிறேன் பார்.

கடைசித் துண்டை மடித்துவிட்டு, "பயமா இருக்குடா" என்றாள். எனக்கு இரண்டு மொழி தெரியும் என்று உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் ஒன்றுமே வாயில் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். உன்னைப் பற்றியும்தான். அதை நான் உனக்கு மொழிபெயர்ப்பதாக இல்லை.

இருபத்தாறாம் தேதிக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேற்று வரவேற்பு மேசையில் சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை குரல் சரியாக வந்தது.

உள்ளே அம்மாவோடு அந்தப் பெண்மணி இருப்பார். வெளியே உட்கார எனக்கு ஒரு துணை வேண்டும். வந்துவிடு, அக்கா.

உன்
தம்பி