இரண்டு வீட்டுப் புல்லுக்கும் ஒரே வண்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த டெய்லர் அக்காவுக்கு,

பக்கத்து வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. நானும் இவரும் நலம். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் பையன் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றால் மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நாலு பேர் காதுகொடுத்துக் கேட்கும்போது எனக்குப் பேச்சே வராது. நீங்களும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வாரா வாரம் ஜன்னலைத் திறந்து காற்றாட விடுகிறேன். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு உறை போட்டாயிற்று. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, இவரைப் பிடித்து வாஷர் மாற்ற வைத்தேன். முக்கால் நாள் முனகிக்கொண்டே மாற்றினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மழைக்குப் பின்பக்கத்துப் புல் வளர்கிற வேகத்தைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நீங்கள் இருக்கும்போது முன்னால் நடந்து கல்லையும் குச்சியையும் பொறுக்குவீர்கள், நான் பின்னால் புல்வெட்டுகிற மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவேன். உங்கள் சமையலறை வாசலில் ஆரம்பித்து என் துணி காயப்போடுகிற கம்பி வரைக்கும் குறுக்கே ஒரே வீச்சு. பேச்சு சுவாரசியத்தில் வெட்டி முடித்ததே தெரியாது. இப்போது நானே குனிந்து பொறுக்கி, நானே நிமிர்ந்து தள்ளி, பாதியிலேயே முதுகு பிடித்துக்கொள்கிறது. போன வாரம் ஸ்கூல் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு டிரைவர் சீட்டிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

அதனால் மெஷின் கடைக்குப் போனேன். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி இரண்டு தினுசு இருக்கிறது, அக்கா. ஒன்று சாதாரணம். இன்னொன்று ராஜா வீட்டு வண்டி. பேட்டரியில் ஓடுகிறது, சத்தமே இல்லை. கால் வைத்து ஏறுகிற படி தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. பிரேக், வேகம் எல்லாம் கையாலேயே, காலுக்கு வேலையே கிடையாது. சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங். முன்னால் இரண்டு விளக்கு வேறு. விலையைக் கேட்டேன். அடேயப்பா, கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் உட்காருங்கள் என்றார். சாதாரண வண்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே.

இவரிடம் சொன்னதும் வீடே இரண்டாகிவிட்டது. புல்லு வெட்டறதுக்கு ஹெட்லைட் எதுக்கு, புல்லு என்ன எதிர்ல வண்டி ஓட்டிட்டு வருதா என்கிறார். அந்த விலைக்கு வீடு முழுக்கப் பெயிண்ட் அடிச்சுட்டு, மிச்சத்துல தரைக்கும் பச்சைப் பெயிண்ட் அடிச்சிடலாம், வெட்டவே வேண்டாம் என்கிறார். ஆயுசு முழுக்க ஆபீஸில் மற்றவர்கள் கேட்ட செலவுக்கெல்லாம் முடியாது என்று எழுதிய மனுஷர், வேறென்ன சொல்வார்! கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றும் ஒரு யோசனை. வைத்துப் பார்த்தாயிற்று. வந்த மகராசன் உங்கள் ரோஜாச் செடியையும் சேர்த்து மொட்டையடித்துவிட்டுப் போனான். உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், வாய் நிற்கவில்லை. வேர் இருக்கிறது, துளிர்க்கும்.

ஒரு கூத்தும் நடந்தது. இடம் எவ்வளவு பெரிசு என்று கடைக்காரர் கேட்டார். நான் வாயைத் திறந்தவுடன் உங்கள் வாசலிலிருந்து என் கம்பி வரைக்கும் சொல்லிவிட்டேன். அப்படியானால் பெரிய வண்டிதான் சரி என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்கிறார், ரெண்டு வீட்டையும் சேர்த்துல்ல சொல்லிட்டு வந்திருக்கே, நம்ம இடம் அதுல பாதிதானே என்று. எனக்கு அது தோன்றவே இல்லை, அக்கா.

கடைக்காரர் வண்டியை இங்கேயே கொண்டுவந்து ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு ஜாக்கெட்டுக்கு எவ்வளவு துணி என்று பார்த்தவுடனே சொல்கிறவர் நீங்கள். இந்தச் செலவு தகுமா தகாதா என்று எனக்குச் சொல்லுங்கள். பதில் வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும். பேரனுக்கு என் முத்தம்.

என்றும் உங்கள் நலம் கோரும்,
பக்கத்து வீட்டுக்காரி


அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அங்கே பெய்கிற பனி, பேரனுக்கு முளைத்த பல், மருமகள் வாங்கிக் கொடுத்த கம்பளிச் செருப்பு எல்லாம் படித்துச் சந்தோஷம். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "உன் பக்கத்துக்குச் சின்ன மெஷினே போதும், காசைக் கரியாக்காதே."

அதைப் படித்ததிலிருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை. நேற்று காலை பஸ்ஸை வழக்கமான தெருவில் திருப்பாமல் நேரே கொண்டுபோய்விட்டேன். பிள்ளைகள் எல்லாம் ஹோ என்று கத்தின பிறகுதான் நினைவு வந்தது. என் பக்கமா? இத்தனை வருஷத்தில் என் பக்கம், உன் பக்கம் என்று நாம் பேசியிருக்கிறோமா? வேலி போடலாமா என்று முனிசிபாலிட்டி ஆள் கேட்டபோது, வேலி போட்டா இவ வீட்டுக் காப்பிக்கு நான் சுத்திக்கிட்டு வரணுமே என்று சொல்லி அனுப்பியது யார்? நான் சொல்லவில்லை, நீங்கள் சொன்னீர்கள்.

சரி, கோபத்தை ஓரமாக வைக்கிறேன். கடைக்காரர் வண்டியோடு வந்தார். நான் ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல! கூச்சல் போடுகிற பிள்ளை இல்லை, குறுக்கே வருகிற நாய் இல்லை, புல் பாட்டுக்குப் படிந்துகொண்டே போகிறது. இவர்கூட ஜன்னலிலிருந்து பார்த்தார். நான் பார்த்ததும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆனால் கடைக்காரர் நேர்மையான மனுஷர். எங்கள் இடம் அதில் பாதிதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும், உங்க இடத்துக்குள்ள மட்டும் ஓட்டிப் பாருங்க அம்மா என்றார். ஓட்டினேன். நாலு எட்டு போனதும் திருப்ப வேண்டியிருக்கிறது, திருப்பி முடிப்பதற்குள் சுவர் வந்துவிடுகிறது. பஸ் ஓட்டுகிறவளே பின்னால் எடுத்து முன்னால் எடுத்துத் திணறிப்போனேன். உங்க பக்கம் மட்டும்னா இது வண்டிக்கே அவமானம், ரெண்டும் சேர்ந்து கிடந்தா மட்டும் வாங்குங்க என்று சொல்லிவிட்டார். விற்க வந்தவரே வேண்டாம் என்கிறார்!

இன்னொன்றும் கேட்டார். நீங்க பஸ்ஸே ஓட்டறீங்க, சாதாரண வண்டியில தாவி ஏறிடுவீங்க, தாழ்வான படியும் கைப்பிரேக்கும் உங்களுக்கு எதுக்கு, அதுக்குத்தானே இவ்வளவு விலை என்று. நான் ஸ்பிரிங் சீட்டு நன்றாயிருக்கிறது, விளக்கு அழகாயிருக்கிறது என்று ஏதோ உளறினேன். உங்களிடம் மறைப்பானேன்? எனக்கா வேண்டும் அந்தப் படி? இடுப்பு எலும்பு முறிந்து கூடின ஒருத்திக்குக் காலைத் தூக்கி வைக்க அது வேண்டும். இனிமேல் குனிந்து கல் பொறுக்க உங்களால் முடியாது. நான் முன்னால் போய்ப் பொறுக்குகிறேன், நீங்கள் மகாராணி மாதிரி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் அந்த வண்டியைப் பார்த்தேன். கடையில் அதன் படியில் என் காலை வைத்துப் பார்க்கவில்லை, உங்கள் காலை நினைத்துத்தான் பார்த்தேன்.

இப்போது சொல்லுங்கள், யார் பக்கத்துக்கு எது போதும்?

இப்படிக்கு,
கொஞ்சம் கோபத்தோடு,
பக்கத்து வீட்டுக்காரி


என் அன்பான அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. அதற்குள் இங்கே ஒருத்தர் வந்துவிட்டார். கையில் டேப்பும் முளைக்குச்சியும் ஆரஞ்சு நூலும். யாரப்பா நீ, யார் கேட்டு உள்ளே வந்தாய் என்று நான் பிடித்த பிடியில் பாவம் அவருக்கு வியர்த்துவிட்டது. வீட்டு புரோக்கர் அனுப்பினாராம். உங்கள் பையன் விலை விசாரித்தானாம். வாங்க வருகிறவர்கள் நடுவில் வேலி கேட்கிறார்களாம். சொல்லிவிட்டுப் புல்லில் வரிசையாகக் குச்சி அடித்து நூலைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேலைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், அந்த நூல் அப்படியே நிற்கிறது. எனக்கு என்ன வந்ததோ, அத்தனை குச்சியையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். எறிந்து முடித்த பிறகுதான் புத்தி வந்தது. அடுத்தவர் சொத்து, நாளைக்குக் கேட்டால் என்ன சொல்வது? மறுபடி பொறுக்கி எடுத்து நட்டேன். எந்த இடம் என்று ஞாபகம் இருந்தால்தானே? குத்துமதிப்பாக நட்டுவிட்டுத் திரும்பினால் இவர் வாசலில் நின்று சிரிக்கிறார். நம்ம துணிக்கம்பியையும் சேர்த்து அவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டியே, தாராள மனசுதான் உனக்கு என்கிறார். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் நானே உங்கள் பையனைக் கூப்பிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். அவன் பொறுமையாகப் பேசினான். விக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசையில்லை ஆன்ட்டி, விலைதான் கேட்டு வெச்சேன், அம்மா திரும்பிப் போறேன்னும் சொல்லலை, இங்கேயே இருக்கேன்னும் சொல்லலை என்றான். கேட்டால் நீங்கள் சொல்வது இதுதானாம்: "அவ புல்லைப் பத்தியும் வண்டியைப் பத்தியும்தான் எழுதறா. வான்னு ஒரு வார்த்தை எழுதலை. அவளுக்கும் முதுகு வலி, நான் போய் உட்கார்ந்தா அவளுக்குப் பாரம்தானே."

பாரமாம் பாரம்! போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உங்களைத் திட்டினேன். அப்புறம் என்னையும் திட்டிக்கொண்டேன். ஏன் எழுதவில்லை தெரியுமா? பயம், அக்கா. நீங்கள் குளியலறையில் விழுந்த அன்றைக்கு நான் பஸ்ஸில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். நான் வந்து கதவைத் தட்டும்வரை அந்தக் குளிர்ந்த தரையிலேயே கிடந்தீர்கள். உங்கள் பையன் ஓடி வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது எந்த வாயால் தடுப்பேன்? திரும்பிவரச் சொல்லி, மறுபடி ஒன்று நடந்து, நான் மறுபடி தெருவில் எங்கேயாவது இருந்தால்? அதனால்தான் புல்லையே கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது துணிந்து சொல்கிறேன். நான் இல்லாத நேரத்தில் இவர் இருக்கிறார். என்ன வேலை அவருக்கு, பேப்பரை உங்கள் வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டும். அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. உங்கள் குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைக்க ஆள் பார்த்தாயிற்று, வழுக்காத தரையும் போட்டுவிடலாம். உங்கள் பையனிடமும் இதையெல்லாம் சொன்னேன். அம்மா வரேன்னு சொன்னா நானே கொண்டுவந்து விடறேன் ஆன்ட்டி, நீங்க சொல்ற மாதிரி இருந்தா எனக்கும் நிம்மதி என்றான். நல்ல பிள்ளை. நான் அவனை மனசுக்குள் வைததற்கெல்லாம் மன்னிப்பு.

வந்துவிடுங்கள், அக்கா. உங்களை வரச்சொல்கிறேன். கேட்டீர்களா, நான்தான் சொல்கிறேன்.

அங்கேதான் உங்களுக்கு நிம்மதி, பேரன் மடியில் இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்றால் அதையும் தைரியமாக எழுதுங்கள். வேலி வரட்டும். நான் சின்ன மெஷினை வாங்கிக்கொண்டு என் பாதியை வெட்டிக்கொள்கிறேன். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது.

பொய். நிறைய இருக்கும். ஆனாலும் எழுதுங்கள்.

கடைக்காரருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய வண்டியை யாருக்கும் கொடுக்காமல் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறேன் என்று அவராகவே சொன்னார். பனியைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் இந்தத் தடவை எழுத வேண்டாம். பெரிசா சின்னதா, அந்த ஒரு வார்த்தையை மட்டும் உங்கள் கையாலேயே எழுதிப் போடுங்கள். எதுவானாலும் நீங்கள் காலை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் நடந்து, நூறு வயசு இருக்க வேண்டும்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டு,
உங்கள் தங்கச்சி