மல்லிகாவின் கழுத்து

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாலையில் தங்கை போன் செய்தாள். "அக்கா, என்னை ரங்கத்துக்கு மாத்திட்டாங்க, அந்தத் தூரத்துத் தீவுக்கு. எங்க ஸ்கூல் மல்லிகா டீச்சருக்குப் போட்ட ஆர்டராம். மெடிக்கல் லெட்டர் காட்டி கேன்சல் பண்ணிட்டாங்களாம். லெட்டர் நீ எழுதினதாமே?"

நான்தான் எழுதினேன். கழுத்து வலி என்று மல்லிகா இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தாள். இறுகிய தசை விரலுக்குக் கயிற்று முடிச்சுபோலத் தட்டுப்படும். அழுத்திப் பிடித்தால் மெல்ல இளகும். அவள் கழுத்தில் இளகுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் தொட்ட இடமெல்லாம் "ஐயோ" என்றாள். இருபது வருடச் சிநேகிதி. அதனால் என் விரல்களைத்தான் சந்தேகப்பட்டேன்.

மல்லிகாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அரே, கோவிச்சுக்காதடி. யாராவது போய்த்தானே ஆகணும்? அடுத்த பேரு உன் தங்கச்சிதுன்னு ஆபீஸ்ல அப்பவே சொன்னாங்க. சின்னப் பொண்ணு, சமாளிச்சுப்பா."

அப்பவே.

தங்கைக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

நாளை நான்கு மணிக்கு மல்லிகாவின் பெயர் என் பட்டியலில் இருக்கிறது. பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை. வந்து கவிழ்ந்து படுப்பாள். வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்க வேண்டும்.