கடிபட்ட பிள்ளைக்கு ஒரு கப் செட்

மார்ச் 4, செவ்வாய்

பீங்கான் சரக்கு வந்தது. உடைசல் குறைவுதான். பெட்டி பிரித்துக்கொண்டிருக்கும்போது நர்சரியிலிருந்து மிஸ் போன். என் மகள் சிட்டு மறுபடியும் ஒரு பையனைக் கடித்துவிட்டாளாம். சாயங்காலம் அந்தப் பையனின் அம்மாவுக்கு ஒரு கப் செட், மிஸ்ஸுக்கு ஒரு பூச்சாடி. சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். புகார் வாசலைத் தாண்டுமுன் ஆளைக் குளிர வைத்துவிட வேண்டும். நான் கடை வளர்த்ததே அப்படித்தான்.

நாலு வயதில் எல்லாப் பிள்ளையும் கடிக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். கடிக்கும்.

மார்ச் 11



குடோன் வாசலில் லோடு இறக்கச் சரிவு போட்டிருக்கிறோம். சிட்டு தன் தம்பிப் பாப்பாவைத் தள்ளுவண்டியோடு அங்கே உருட்டிப்போய்க் கையை விட்டிருக்கிறாள். கீழே ரோடு. லாரி. லோடுமேன் குறுக்கே காலைக் கொடுத்துத் தடுத்தார்.

நான் ஓடினபோது பாப்பா சிரித்துக்கொண்டிருந்தான். சிட்டு அழவில்லை. ஏன்டி இப்படிப் பண்ணினே?

"எங்க போகுதுன்னு பாத்தேன்."

அவள் முகத்தில் எதையோ தேடினேன். எதை என்று எழுதமாட்டேன்.

மார்ச் 12

அடித்தேன். திருப்பி அடித்தாள்.

மார்ச் 13

என் தம்பியும் இந்த வயதில் இப்படித்தான். துறுதுறு என்று எல்லாரும் கொஞ்சினோம். இப்போது ஜெயிலில் மனுப் போட்டு அவனைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ரத்தத்தில் வருமா இது? யார்கிட்ட போய்க் கேக்க?

மார்ச் 20

குழந்தை மனநல டாக்டர். சின்னப் பெண். தரையில் உட்கார்ந்து சிட்டுவோடு வெகுநேரம் கட்டை அடுக்கினார். எப்போது கோபம் வரும், அதற்கு முன் என்ன நடக்கும் என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு, "மிஸ்கிட்ட பேசினேன்மா. அங்க அவ தங்கமாம். வீட்ல மட்டும்தான்னா தம்பி வந்த பொறாமையா இருக்கலாம். கொஞ்ச மாசம் பாப்போம்."

சந்தோஷப்பட வேண்டியவள் நான். முடியவில்லை. அது மிஸ் பேசின பேச்சா, என் பூச்சாடி பேசின பேச்சா?

வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன். பாத்தியா ஒண்ணுமில்ல என்று வழியெல்லாம் அவர் ஒரே குஷி.

மார்ச் 21

விரிசல் கப்பை நல்ல பக்கம் திருப்பி அடுக்கின பையனை வேலையை விட்டே அனுப்பியவள் நான். சூடாக ஊற்றினால் யார் கையிலோ பிளக்குமே என்று.

மார்ச் 24

வெறுங்கையோடு நர்சரிக்குப் போனேன். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள் மிஸ் என்றேன்.

"இவ்ளோ நல்லா இருக்கீங்க, எந்த வாயால சொல்றது?" என்றவர், பிறகு கொட்டித் தீர்த்தார். எனக்கு வந்த போன் பாதிகூட இல்லை. சிட்டு உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகள் தாமாகவே நாற்காலியை நகர்த்திக்கொள்வார்களாம்.

கடி, அடி எல்லாம் கேட்டுக்கொண்டேன். அந்த நாற்காலிதான் தாங்கவில்லை.

மார்ச் 27

டாக்டர் முழுதும் கேட்டார். திட்டவில்லை. நடத்தைக் கோளாறு என்றார். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன், இவளும் ஜெயிலுக்குத்தானா?

"நாலு வயசுல அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. நிறையப் பிள்ளைங்க சரியாயிடுது. சிலதுக்குத் தொடருது. இவ எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. அதான் இப்பவே ஆரம்பிக்கணும்."

வைத்தியம் எங்களுக்காம். தினமும் தரையில் உட்கார்ந்து அவள் சொல்கிற ஆட்டம். நல்லது செய்தால் இன்னது செய்தாய் என்று அப்போதே சொல்ல வேண்டும். அடி கூடாது. கேரண்டி உண்டா என்றேன். இல்லை என்றார்.

கேரண்டி இல்லாத சரக்கில் நான் கை வைத்ததே இல்லை.

ஏப்ரல் 9

மிஸ்ஸையே கடித்துவிட்டாள். போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். எதுவும் அனுப்பவில்லை.

ஜூன் 17

ஆட்டத்தில் நான் கழுதை. முதலாளி அவள். "கழுதை பேசக்கூடாது." பேசவில்லை.

ஆகஸ்ட் 16

பில் போட்டுக்கொண்டிருந்தேன். லோடுமேன் மெதுவாகக் கூப்பிட்டார். "அக்கா, சத்தம் போடாம இங்க வாங்க."

தள்ளுவண்டியில் பாப்பா. சிட்டுவின் பொம்மையைப் பிடுங்கி, தலையைத் திருகிக்கொண்டிருந்தான். அவள் குனிந்தாள். வாய் அவன் கைக்குப் பக்கத்தில்.

நிமிர்ந்து, தன் சட்டைக் கையைக் கடித்தாள். பல்லை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்டி. பொம்மையைப் பிடுங்கினான். நீ அவனைக் கடிக்கல."

சட்டைக் கை முழுக்க எச்சில். அதைத் துவைக்கப் போடவில்லை.

சரிவுக்குப் போட்ட புதுக் கதவும் பூட்டித்தான் இருக்கிறது. சாவி என் இடுப்பில்.