காற்றைக் கூப்பிட்ட தொண்டை

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
14-3-1946

தங்கச்சி பிள்ளைப்பேற்றுக்கென்று கொழும்புக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்ட என் பிரியமுள்ள மிக்கேலம்மாளுக்கு உன் புருஷன் தொபியாஸ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கோழிகளும் சுகம்.

உன் தம்பி இனிகோ எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன திங்கட்கிழமை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். டாக்டரம்மா ஓடச் சொன்னார். மருந்துக்கு வந்தவர்கள் மருந்தை மறந்து பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக வள்ளத்தில் துடுப்புத் தண்டை வேகமாக வலித்தால் என் தொண்டையில் 'கீ' என்று ஒரு சத்தம். காற்றில்லாத நாளில் எங்கள் வள்ளத்தை நடத்தும் தண்டல் சந்தியாகு அண்ணாச்சி சீட்டியடித்துக் காற்றைக் கூப்பிடுவார். வள்ளத்தில் வேறு யாரும் சீட்டியடித்தால் கடலுக்கே கோபம் வரும் என்பார். ஒருநாள் கடல் அசையவில்லை. உப்பு மூடையோடு, தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைப் பார்த்து வலிக்கிறோம். சத்தம் கேட்டதும் அண்ணாச்சி திரும்பினார்.

"ஏலே இனிகோ, காத்தைக் கூப்பிட நீ யாருலே?"

"நான் இல்ல அண்ணாச்சி. அத்தான் தொண்டைல்லா கூப்பிடுது."

சற்று நேரத்தில் நிஜமாகவே கொண்டல் காற்று வீசிற்று. இனி என்னைப் பாய்மரத்தோடு கட்டிவைக்கலாம் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் சிரிப்பு இல்லை. யாரோ கயிறு போட்டு இறுக்கினாற்போல, மூச்சு உள்ளே போகமாட்டேன் என்றது. தண்டு கையைவிட்டுப் போயிற்று. உன் முகம்தான் வந்தது. அதிலும் நீ என்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாய். கொஞ்சம் உட்கார்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோலச் சரியாகிவிட்டது. ஆனால் அண்ணாச்சி, மூச்சிழுப்புக்காரனைக் கடலுக்குக் கூட்டிப்போய்ப் பிணமாகக் கொண்டுவர மாட்டேன் என்று கரையில் சாக்கு தைக்க உட்காரவைத்துவிட்டார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

அதற்குத்தான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என்னை ஓடவிட்டு, சத்தம் வந்ததும் குழாயை நெஞ்சில் வைத்தார், பிறகு கழுத்தில் வைத்தார். மூச்சை இழுக்கும்போது சிரமமா, விடும்போதா என்று கேட்டார். இழுக்கும்போது என்றேன். அப்படியானால் இது இழுப்பு நோய் இல்லை, நெஞ்சு நன்றாக இருக்கிறது, திறக்கவேண்டிய நேரத்தில் தொண்டைக்குள் இருக்கும் கதவு சாத்திக்கொள்கிறது என்றார். வாயைப் பிளந்து காற்றை அள்ளக் கூடாதாம். மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான காப்பியை ஊதுவதுபோல விடவேண்டுமாம். ஆக, வாயை மூடுவதுதான் மருந்து. கல்யாணமான நாளிலிருந்து நீ சொல்லிவருகிற அதே வைத்தியம்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். ஒரே ஒரு நடை பார்ப்போம், 'கீ' என்று கேட்டால் கடைசிவரை சாக்குதான் என்றார். நேற்று தண்டு வலித்தேன். வள்ளத்தில் எல்லார் காதும் என் தொண்டையில். இனிகோ என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் காப்பியை ஊதிக்கொண்டே போனேன். கப்பலைத் தொடும்வரை சத்தமே இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்க்காமல், "நாளைக்கும் வந்துருலே" என்றார்.

தங்கச்சிக்கும் பிள்ளைக்கும் மாதாவின் ஆசீர்வாதம். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறதென்றால் இனி நீ அங்கே எதற்கு? இங்கே நான் ஊதுகிற காப்பியெல்லாம் வெறும் காற்று. போட்டுக் கொடுக்க ஆள் இல்லை.

இப்படிக்கு,
வாயை மூடப் பழகும்
தொபியாஸ்

பின்குறிப்பு: எல்லாரும் என் தொண்டையையே கவனித்ததில், நேற்று நாங்கள் போய்ச் சேர்ந்தது வேறு கப்பல். பாதி மூடை ஏற்றிய பிறகுதான் கப்பல்காரர்கள் சொன்னார்கள். இன்று இறக்கினோம்.