பூசையில் வைத்த இரசாயனப் புத்தகம்

கொக்கட்டிச்சோலை,
05.09.2007

அன்புத் தம்பி வினாயகமூர்த்திக்கு,

தான்தோன்றீஸ்வரர் துணை. அகதி முகாமிலிருந்து வீடு திரும்பிவிட்டோம். கூரையில் பாதி ஓடு இல்லை. மகள் மங்கையின் புத்தகங்களில் ஒன்றுமே இல்லை. அடுத்த வருடம் ஆவணியில் உன் மருமகளுக்கு உயர்தரப் பரீட்சை. மட்டக்களப்புக் கடைகளில் இரசாயனப் புத்தகம் கிடைக்கவில்லை. இன்டர்நெட்டில் பழைய புத்தகம் வாங்கலாம் என்றாயே, ஒன்று எடுத்து அனுப்பு. விலையை மறைக்காமல் எழுது. என் கணக்கில் இனாம் என்று ஒரு பக்கம் இல்லை.

அக்கா
இலட்சுமிப்பிள்ளை

இலண்டன்,
20.09.2007

அன்பு அக்காவுக்கு,

புத்தகம் கிடைத்தது, விமானத் தபாலில் போட்டுவிட்டேன். முன்பு வைத்திருந்தவன் குறும்பன் போல. வெடிமருந்துப் பாடம் முழுக்கச் சிவப்புப் பேனையால் கோடு. ஓரத்தில் திரி எரிகிற குண்டு ஒன்றும் கீறியிருக்கிறான். மங்கை பார்த்தால் சிரிப்பாள். இனி விலை கேட்டால் கடிதம் போடமாட்டேன்.

தம்பி
மூர்த்தி

கொக்கட்டிச்சோலை,
24.10.2007

தம்பி,

புத்தகம் வந்தது. மங்கை சிரித்தாள்தான். நான் அந்தப் பக்கத்தை உடனே மூடினேன். இந்த ஊரில் குண்டுப் படம் விளையாட்டு இல்லையடா.

சரஸ்வதி பூசைக்கு அதையும் மற்றக் கொப்பிகளோடு பட்டுத்துணியால் மூடி வைத்தோம். அன்று பின்நேரம் ஆமி வீடு வீடாகச் சோதித்து வந்தது. ஒருவன் பூசையடியில் நின்றான்.

"உள்ளுக்கு என்ன?"

"பிள்ளைட புத்தகம், மாத்தயா. விஜயதசமி விடியும் வரைக்கும் நாங்களே தொடமாட்டம்."

"சரி, நாளைக்கு வாறது."

சந்தேகத்தில் கொண்டுபோன பிள்ளைகள் திரும்பி வந்ததை நான் காணவில்லை. பக்கத்தைக் கிழிக்கலாம், கிழித்த இடம் கேள்வி கேட்கும். தொடமாட்டோம் என்று சொன்ன வாயாலேயே அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, பூசை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே புத்தகத்தை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

"ஆமிக்காரன் தொடாம விட்டத நீங்க எரிச்சிட்டீங்களேம்மா" என்றாள் மங்கை. அதோடு என்னுடன் பேச்சில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறாள், கோப்பையைக் கழுவி வைக்கிறாள், அவ்வளவுதான்.

இன்னொன்று எடுத்து அனுப்பு. கீறல் இல்லாததாகப் பார். கிடைக்காவிட்டால் கீறியதே வரட்டும். யாரும் வந்து கேட்டால், இது என் மகள் படிக்கிற பாடம் என்று வாசலில் நின்று சொல்லுவேன்.

மங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. புத்தகம் வரட்டும்.

அக்கா