மறைத்து உருட்டிய பகடை

மார்ச் 3, ஞாயிறு

மூன்று மணிக்கு ஆட்டம். பேக்கரிக்காரன் பத்து நிமிஷம் தாமதம். கடைசித் தட்டு ரொட்டி அடுப்பில் இருந்ததாம். டீச்சர் சரியாக வந்துவிட்டாள், அவள் ஊரில் அப்போது இரவு எட்டரை. முன்பு எங்கள் மூவருக்கும் ஒரே மேஜை, ஒரே பகடை டப்பா. ஆளுக்கொரு ஊராகச் சிதறிய பிறகு எல்லாம் திரைக்குள் போய்விட்டது. வரைபடம், அதன்மேல் நகரும் காய்கள், இருபது முகப் பகடை, பேச்சு, எல்லாமே ஒரே செயலியில்.

ஆட்டத்தை நடத்துவது நான். கதை சொல்வேன், எதிரிகளுக்குப் பகடை உருட்டுவேன். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். அவரவர் ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரவரே முடிவு செய்து, அவரவர் பகடையை உருட்டுவார்கள்.

நான்காவது ஆள் அக்கா. பின்னறையில், என் பழைய லேப்டாப்போடு. அவள் குரல் எனக்கு இரண்டு முறை கேட்கும்: முதலில் சுவர் வழியாக, பிறகு ஹெட்போனில். இன்று அவளுடைய காவல்காரி இடிந்த பாலத்தில் ஓடி மூன்று கொள்ளையரைத் தனியாக மடக்கினாள். "தள்ளுங்க, நான் போறேன்" என்றாள். பழைய அக்கா.

மார்ச் 6, புதன்

பல் கட்டும் லேபில் இன்று ஏழு செட் முடித்தேன். போன வாரம் அனுப்பிய மேல்வரிசை ஒன்று திரும்பி வந்துவிட்டது. வாயை மூடினால் இடிக்கிறதாம். ராவிக் கொடுத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஆட்டம் முடிந்ததும் அக்கா சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அடுத்த மாசம் டெஸ்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் பஸ் ஓட்டுநர். பதினான்கு வருஷம். போன மே மாத மழையில் பஸ் வழுக்கி நிறுத்தத்துக் கூரையில் மோதியது. உள்ளே இருந்த ஒரு பெரியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. விசாரணையில் அவள்மேல் தவறில்லை என்றார்கள். எப்போது தயாரோ அப்போது மறுபடி ஓட்டிக் காட்டிவிட்டு வேலைக்கு வரலாம் என்று கடிதமும் கொடுத்தார்கள். அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் பின்னறைக்கு வந்தவள்தான். தெருமுனைக் கடைக்குக்கூடப் போகவில்லை. ஆகஸ்டில் வம்படியாக ஆட்டத்தில் சேர்த்தேன்.

என் மனைவி கேட்டாள், எப்படி இப்போது திடீரென்று என்று.

"ஆட்டத்துல எத்தனை வாட்டி யோசிக்காம இறங்கிருக்கேன். ஒண்ணும் ஆகலையே."

ஒண்ணும் ஆகலையே. இதை எங்கேயாவது எழுதியாக வேண்டும். ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டது நான். ஆட்டம் நடத்துபவனுக்கு மட்டும் 'மறைத்து உருட்டு' என்று ஒரு பொத்தான் உண்டு. எதிரியின் பகடையில் என்ன விழுந்தது என்று எனக்கு மட்டும் தெரியும், பிடிக்காவிட்டால் வேறு எண் தட்டலாம். முதல் நாளே ஒரு ஓநாய் அவள் ஆளைக் கொன்றிருக்கும். எண்ணை மாற்றினேன். அப்புறம் பழகிவிட்டது. இன்றுகூட விழுந்தது பத்தொன்பது. ஆறு என்று போட்டேன்.

சொல்லிவிடலாமா? எதற்கு. நன்றாகத்தானே இருக்கிறாள்.

மார்ச் 17, ஞாயிறு

செயலியைப் புதுப்பித்திருக்கிறார்கள். காலையிலேயே செய்தி வந்திருந்தது, படிக்காமல் 'சரி' தட்டிவிட்டேன்.

ஆட்டம் நடுவில் பேக்கரிக்காரன் கேட்டான், ஒரு உள்நோக்கமும் இல்லாமல்: "டேய், இங்க பழைய பகடையெல்லாம் காட்டுதே. சிலதுல ரெண்டு நம்பர் இருக்கு, ஒண்ணு அடிச்சிருக்கு. அது என்ன?"

சுவருக்கு அந்தப் பக்கம் மவுஸ் சக்கரம் உருளும் சத்தம், நெடுநேரம். பிறகு திரையில் அக்காவின் பெயர் மங்கியது. வெளியேறிவிட்டாள். "போய்ப் பேசு" என்றாள் டீச்சர்.

போனேன். அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நாப்பத்தியொண்ணு. எல்லாம் எனக்கு மட்டும்."

உனக்காகத்தான் என்று ஏதோ சப்பைக்கட்டு கட்டினேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பஸ்ஸும் என் தப்பு இல்லைனு எல்லாரும் சொன்னீங்களே. அதுவும் இப்படி மாத்தி எழுதினதுதானா?"

மார்ச் 18, திங்கள்

என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன். நல்லது பண்றதா நெனச்சு — இல்ல, நெனச்சேனா? ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர்தானேன்னு தட்டிட்டுப் போனேன். ஏழு மாசம்.

மார்ச் 20, புதன்

அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்து டெஸ்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னாள். கூடவே இதையும்: "அண்ணி அழுதா உங்களால பாக்க முடியாது. அதுக்குத்தான் பண்ணீங்க. அவங்களுக்காகன்னு சொல்லாதீங்க."

அவள் சொன்னதில் பிழை இல்லை.

மார்ச் 22, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. அக்காவின் அறைக் கதவைத் தட்டி, அந்த விசாரணை அறிக்கையை முழுதாகப் படித்தாயா என்று கேட்டேன். கடைசிப் பக்கம் மட்டும்தானாம். அதில்தான் 'தவறில்லை' என்று இருக்கிறது. நீயே முதலிலிருந்து படி, நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றேன். அலமாரி மேலிருந்து அறிக்கைக் கோப்பை எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

பதினோரு பக்கம். மத்தியானம் வரை வெளியே வரவில்லை. சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று ஒரு சட்டையை எடுத்துக்கொண்டாள்.

"இருபத்தெட்டுலதான் போயிருக்கேன். அம்பதுல போனதா நெனச்சுட்டு இருந்தேன், இத்தனை நாளா." சட்டையை மடித்து வைத்தாள். "பிரேக்கை இன்னும் கொஞ்சம் முன்னாடி மிதிச்சிருக்கலாம்னும் எழுதிருக்கு. அதை எவனும் எங்கிட்ட சொல்லல."

எனக்கும் அது தெரியாது. நானும் கடைசிப் பக்கம்தான் படித்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஞாயிறு ஆட்டம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

"எதையும் மறைச்சு உருட்டக் கூடாது."

மார்ச் 24, ஞாயிறு

முதலில் மற்ற இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பேக்கரிக்காரன் தன் ஆள் இரண்டு முறை செத்ததை நினைவுபடுத்தினான். நியாயம்.

எல்லாப் பகடையும் திரையில், எல்லோர் கண்ணுக்கும். இரண்டாவது மணி நேரத்தில் கோட்டை வாசல். காவல்காரி தளபதிக்கு எதிரே தனியாகப் போய் நின்றாள். உருட்டினேன். இருபது. அதற்கு மேல் எண்ணே இல்லை. விரல் தன்பாட்டில் விசைப்பலகைக்குப் போனது, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு எண்ணைப் படித்தேன்.

"போயிட்டாளா?" சுவர் வழியாக. பிறகு ஹெட்போனில்.

"போயிட்டாக்கா."

ஒரு பெருமூச்சு. அப்புறம்: "சரி. டீச்சர், உன் ஆளு உள்ள மாட்டிட்டு இருக்கா. இடது பக்கமா வெளிய வா, வாசலைப் பேக்கரிக்காரன் பிடிச்சுக்கட்டும்."

தன் ஆள் இல்லாமலேயே கடைசி வரை உட்கார்ந்து இரண்டு பேரையும் வெளியே கொண்டுவந்தாள். முடிந்ததும் புதுப் பாத்திரம் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 26, செவ்வாய்

அக்கா மறுபடி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இந்தத் தடவை கூடத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

ஏப்ரல் 17, புதன்

டெஸ்ட். சாப்பிடும்போது சொன்னாள்: "ரிவர்ஸ்ல ஒரு கம்பத்தைத் தட்டிட்டேன். பெயில். ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லிருக்காங்க."

கம்பத்தைத் தப்பாக நட்டிருப்பார்கள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன். இடது பின்பக்கம். கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பிவிட்டாளாம். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

மே 1, புதன்

அக்கா மறு டெஸ்டுக்கு ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாள். லேபில் ஒரே செட்டை மூன்று முறை தேய்த்துப் பாழாக்கினேன்.

மே 11, சனி

இன்று காலை பத்து மணிக்கு ஆட்டம். இனி சனிக்கிழமைதான். டெஸ்ட் பாஸான அக்காவுக்கு ஞாயிறு மதியம் வண்டி ஓட்டும் வேலை. பேக்கரிக்காரன் சனிக்கிழமைதான் தனக்குத் தலைக்கு மேல் வேலை என்று முனகிவிட்டு ஒத்துக்கொண்டான். டீச்சருக்கு இந்த நேரம்தான் வசதியாம், இத்தனை நாள் சொல்லவே இல்லை.

ஆக நாளை மூன்று மணிக்கு எனக்கு வேலை இல்லை. மனைவி சினிமாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அக்காவின் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. ஏறட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

"ஏறு. பின்னாடி போய் உக்காரு. ஓட்டும்போது எங்கிட்ட யாரும் பேசக் கூடாது."