ஆறு நாள் குறைச்சல்

அன்பு மகனுக்கு,

சித்தி எழுதுவது. கடவுள் கிருபையால் நானும் சித்தப்பாவும் நலம். உனக்குக் காலெடுத்த இடத்தில் புண் ஆறிவிட்டது என்று நர்ஸ்தான் போனில் சொன்னாள். அதைக்கூட நீ உன் வாயால் சொல்ல மாட்டாய்.

அமைதிப் படையில் போன எல்லோருக்கும் பதக்கம் கொடுக்கும் விழா நேற்று நடந்தது. “மெடல் இல்லாம வீட்டுக்கு வரமாட்டேன்” என்று ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாயே, அதனால் அழைப்பிதழ் வந்ததும் உன்னிடம் சொல்லாமல் நானே வாங்கிவரப் போனேன். சித்தப்பா முழங்கால் வலி என்று நின்றுவிட்டார். அழுதால் நாலு பேர் பார்த்துவிடுவார்களாம், மகா தைரியசாலி!

முகாம் மைதானத்தில், மூன்றாவது வரிசை நாற்காலியில் உன் பெயர் ஒட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பெரிய அதிகாரி ஒருவர் தியாகம், தியாகம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு பெயர்களை வாசித்தார்கள். கடைசிப் பெயர்வரை கை கூப்பியபடியே இருந்தேன். உன் பெயர் வரவில்லை.

பட்டியல் வைத்திருந்த எழுத்தரை மேடைக்குப் பின்னால் பிடித்தேன். அழைப்பிதழை எல்லோர் வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, பட்டியலை அப்புறம்தான் சரிபார்த்தார்களாம். “அங்க தொண்ணூறு நாள் இருந்திருக்கணும்மா. உங்க பையன் எண்பத்துநாலு நாள்தான்” என்றார். “ஆறு நாள் கழிச்சு வெடிக்கச் சொல்லி அந்தக் கண்ணிவெடிகிட்ட கேட்டிருக்கணுமாய்யா?” என்றேன். இதற்கு ஒரு விலக்கும் கிடையாதா என்று கேட்டேன். “இருக்கும்மா. செத்துப்போனா நாள் பாக்க மாட்டோம்” என்றார்.



ஆறு மாதமாகக் காலையும் மாலையும் அந்தப் பதக்கத்தைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்! நல்லவேளை, கடவுள் காதில் வாங்கவில்லை. அங்கேயே நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உன்னோடு ஒரே கூடாரத்தில் இருந்த நெட்டையன் ஓடிவந்து, தன் பதக்கத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். “முன்னால நடந்தது அவன்தாம்மா. நாங்க பின்னால வந்தோம்” என்றான். அவன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நானே அவன் சட்டையில் திரும்பக் குத்திவிட்டேன். கோணலாகத்தான் குத்தினேன்.

சித்தப்பா வாசல்படியை இடித்துச் சரிவாகச் சிமெண்டு பூசியிருக்கிறார். உன் சக்கர நாற்காலி ஏறுமா என்று தினமும் என் தையல் மிஷினை உருட்டிப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை வண்டியோடு வருகிறோம். மாட்டேன் என்றால் உன் கட்டில் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன்; பிறகு ஆஸ்பத்திரிக்காரர்களே உன்னை அனுப்பிவைப்பார்கள்.

வந்துவிடு ராசா. எந்தப் பதக்கமும் யாரும் உனக்குத் தராமல், நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
சித்தி